இப்னு அல் ஹைதம்: பார்வையின் புதிரைப் பாதி அவிழ்த்த பஸ்ரா அறிஞர்

ஐக்கிய அரபு எமிரேட்ஸின் ஷார்ஜா நகரில், கடலோரச் சாலையை ஒட்டி, தங்க நிறக் குவிமாடத்துடன் இஸ்லாமிய நாகரிக அருங்காட்சியகம் அமைந்திருக்கிறது. ஒரு காலத்தில் அங்காடியாக இருந்த அந்தக் கட்டடம் 2008ஆம் ஆண்டில் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அங்கே அறிவியலுக்கும் தொழில்நுட்பத்துக்குமான கூடத்திற்கு, மறைந்து ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் ஆகப்போகும் ஒருவரின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. அவர் அபூ அலி அல் ஹஸன் இப்னு அல் ஹைதம். ஐரோப்பியர்கள் அவரை அல்ஹாசன் என்று அழைத்தார்கள்.

இராக்கில் 2003ஆம் ஆண்டு புதிதாக வெளியிடப்பட்ட பத்தாயிரம் தினார் நாணயத்தாளில் அவரது உருவம் அச்சிடப்பட்டது. சந்திரனில் உள்ள ஒரு பள்ளத்திற்கு அவர் பெயர் உண்டு. ஐக்கிய நாடுகள் மன்றம் 2015ஆம் ஆண்டைச் சர்வதேச ஒளி ஆண்டாக அறிவித்தபோது, ஒளியியல் குறித்த அவரது பணி ஆயிரம் ஆண்டுகளை எட்டுவதும் அதற்கான காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது.

ஆனால் இத்தகைய கௌரவங்களின்போது அதிகம் பேசப்படாத பக்கங்கள் அவரது வாழ்க்கையில் இருக்கின்றன. தன்னை வேலைக்கு அழைத்த ஆட்சியாளருக்கு அஞ்சி, பைத்தியம் பிடித்தவராக நடித்து, ஆண்டுக்கணக்கில் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தவர் அவர். பார்வை என்பது கண்ணுக்குள் ஒளி நுழைவதால் நிகழ்வது என்று நிறுவிய அதே மனிதர், அந்த ஒளியை உணர்வது கண்ணின் எந்தப் பகுதி என்ற கேள்விக்குத் தவறான விடையைத் தந்தார். அந்தத் தவறு திருத்தப்பட ஏறத்தாழ 600 ஆண்டுகள் பிடித்தன.

துறைமுக நகரின் மகன்

இப்னு அல் ஹைதம் 965ஆம் ஆண்டை ஒட்டி, வளைகுடாவின் வடமுனையில் உள்ள பஸ்ராவில் பிறந்தார். அன்றைய பஸ்ரா இன்றைய நகரம் இருக்கும் இடத்திலிருந்து சற்றே தென்மேற்கில், இப்போது ஸுபைர் என்று அழைக்கப்படும் பகுதியில் இருந்தது. ஓமானுக்கும் இந்தியாவின் மேற்குக் கரைக்கும் அதற்கு அப்பால் சீனாவுக்கும் செல்லும் கடல் வணிகத்தின் வாயில்களில் ஒன்று அது. மொழியியலாளர்களும் இறையியலாளர்களும் தத்துவவாதிகளும் வாதிட்டுக்கொண்ட நகரமும் அதுவே.

ஆனால் அமைதியான நகரம் அல்ல. ஒன்பதாம் நூற்றாண்டில் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் மாபெரும் கிளர்ச்சியில் அது சூறையாடப்பட்டது. பின்னர் 923ஆம் ஆண்டில், கிழக்கு அரேபியாவின் பஹ்ரைன் பகுதியைத் தளமாகக் கொண்ட கர்மத்தியர்கள் அதைத் தாக்கிக் கொள்ளையிட்டார்கள். இப்னு அல் ஹைதம் பிறந்தபோது பக்தாதில் அப்பாஸிய கலீபா பெயரளவில் இருந்தார். உண்மையான அதிகாரம் ஈரானிய வம்சாவளியினரான புவைஹிகளின் கையில் இருந்தது.

தமிழக வரலாற்றோடு ஒப்பிட்டால், அவர் இருபது வயதை எட்டிய காலத்தில் முதலாம் இராஜராஜன் சோழ அரியணை ஏறினான். அவர் மறைந்தபோது இராஜேந்திர சோழன் ஆட்சியில் இருந்தான்.

அவரது இளமை பற்றி நமக்குக் கிடைப்பவை மிகக் குறைவு. அவருக்கு இரு நூற்றாண்டுகள் கழித்து வாழ்ந்த இப்னு அல் கிஃப்தி, இப்னு அபீ உஸைபிஆ ஆகிய இரு வரலாற்றாசிரியர்களின் குறிப்புகளே முக்கிய ஆதாரங்கள். அவர்களும் ஒத்துப்போகவில்லை. பஸ்ராவிலேயே அவர் உயர் நிர்வாகப் பதவி ஒன்றை வகித்தார், அதிலிருந்து விடுபட்டுக் கல்வியில் ஈடுபடுவதற்காக அங்கேயே மனநிலை பிறழ்ந்தவர்போல் நடித்தார் என்பது ஒரு குறிப்பு. எகிப்தில்தான் அப்படி நடித்தார் என்பது மற்றது. ஒரே பெயரை ஒத்த இரு அறிஞர்களின் வாழ்க்கையை இந்த நூலாசிரியர்கள் ஒன்றாகக் கலந்துவிட்டனர் என்று வாதிடும் இன்றைய ஆய்வாளர்களும் உண்டு. பரவலாக அறியப்பட்ட கதை இப்னு அல் கிஃப்தி தருவது. நம்பகமானதாகப் பெரும்பாலோர் ஏற்பதும் அதைத்தான்.

நைல் நதியும் நிறைவேறாத வாக்கும்

அதன்படி, தாம் எகிப்தில் இருந்தால் நைல் நதியின் பெருக்கையும் வறட்சியையும் கட்டுப்படுத்தி மக்களுக்குப் பயன்படும் வகையில் ஏதேனும் செய்திருக்க முடியும் என்று இப்னு அல் ஹைதம் பேசியிருக்கிறார். இந்தப் பேச்சு கெய்ரோவிலிருந்து ஆட்சி செய்த பாத்திமிய கலீபா அல் ஹாக்கிமின் காதுக்கு எட்டியது. கலீபா பணம் அனுப்பி அவரை வரவழைத்தார். நகருக்கு வெளியே உள்ள கிராமம் வரை தாமே வந்து எதிர்கொண்டு வரவேற்றதாகவும் சொல்லப்படுகிறது.

அல் ஹாக்கிம் எளிதில் வகைப்படுத்த முடியாத ஆட்சியாளர். கெய்ரோவில் 1005ஆம் ஆண்டில் அறிவு இல்லம் என்ற பெரும் கல்வி நிலையத்தை நிறுவியவர் அவர். வானியலாளர் இப்னு யூனுஸை ஆதரித்தவரும் அவரே. அதே அல் ஹாக்கிம்தான் 1009ஆம் ஆண்டில் ஜெருசலேமில் கிறிஸ்தவர்கள் புனிதமாகக் கருதும் கல்லறைத் தேவாலயத்தை இடிக்க உத்தரவிட்டார். மக்கள் விரும்பி உண்ட கீரை ஒன்றைத் தடை செய்தார். நாய்களைக் கொல்லச் சொன்னார். உயர் பதவியில் இருந்தவர்கள் பலரை மரண தண்டனைக்கு உள்ளாக்கினார். அவரைப் பற்றிய குறிப்புகளில் பெரும்பகுதி அவரை வெறுத்தவர்கள் எழுதியவை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். எப்படியிருப்பினும், அவரது அரசவையில் உயர்வு எவ்வளவு விரைவாக வந்ததோ அவ்வளவு விரைவாக உயிராபத்தும் வரக்கூடும் என்பதில் ஐயமில்லை.

கைவினைஞர்கள் குழுவுடன் இப்னு அல் ஹைதம் நைல் நதியின் வழியே தெற்கு நோக்கிப் பயணம் செய்தார். வழியெங்கும் பண்டைய எகிப்தியரின் கட்டுமானங்களைக் கண்டார். அவற்றின் துல்லியமும் வடிவக் கணிதத் தேர்ச்சியும் அவரைத் திகைக்க வைத்தன. இத்தகைய அறிவு படைத்தவர்கள், நதியைக் கட்டுப்படுத்துவது சாத்தியமாக இருந்திருந்தால் அதை எப்போதோ செய்து முடித்திருப்பார்கள் என்ற எண்ணம் அவருக்குள் வளர்ந்தது. அஸ்வானை ஒட்டி, நதி உயரமான இடத்திலிருந்து இறங்கும் பகுதியை அடைந்து ஆராய்ந்தபோது, தமது திட்டம் நடவாது என்பது உறுதியாயிற்று. அதே அஸ்வானில் முதல் அணை கட்டி முடிக்கப்பட்டது 1902ஆம் ஆண்டில். இன்றுள்ள உயர் அணை நிறைவடைந்தது 1970ஆம் ஆண்டில். இடம் சரியான இடம்தான். அதற்கான தொழில்நுட்பம்தான் ஒன்பது நூற்றாண்டுகள் தள்ளி இருந்தது.

அவர் திரும்பி வந்து தமது தோல்வியைக் கலீபாவிடம் ஒப்புக்கொண்டார். கலீபா அவரைத் தண்டிக்கவில்லை. அரசு அலுவலகம் ஒன்றில் பதவி கொடுத்தார். விருப்பத்தினால் அல்ல, பயத்தினால்தான் அவர் அதை ஏற்றார் என்கிறார் இப்னு அல் கிஃப்தி. செய்து தருவதாகச் சொல்லி வந்த வேலை செய்ய இயலாதது என்று தெரிந்துவிட்டது. ஊர் திரும்பலாம் என்றால், அழைத்துவந்தவரின் விருப்பமின்றி வெளியேற வழியில்லை. கஃபாலா என்ற புரவலர் முறையின் கீழ் வளைகுடாவில் பணிபுரிந்து பழகிய தமிழர்களுக்கு இந்த நிலையைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை.

அவர் கண்டுபிடித்த வழி பைத்தியமாக நடிப்பது. மனநிலை பிறழ்ந்தவரின் மீது இஸ்லாமியச் சட்டம் பொறுப்பைச் சுமத்துவதில்லை. அவரது உடைமைகள் அரசின் பொறுப்பில் எடுக்கப்பட்டன. அவரைக் கவனித்துக்கொள்ள ஆட்கள் நியமிக்கப்பட்டு, அவர் வீட்டிலேயே அடைத்து வைக்கப்பட்டார். கலீபா அல் ஹாக்கிம் 1021ஆம் ஆண்டில் ஓர் இரவு கெய்ரோவுக்கு வெளியே உள்ள முகத்தம் குன்றுகளை நோக்கிச் சென்றவர் திரும்பவே இல்லை. அவர் இறந்துவிட்டார் என்பது உறுதியான பிறகே இப்னு அல் ஹைதமின் பைத்தியமும் தெளிந்தது. உடைமைகள் திரும்பக் கிடைத்தன. அல் அஸ்ஹர் பள்ளிவாசலின் வாயிலருகே குடியேறினார்.

இந்த அடைபட்ட ஆண்டுகளில், இருண்ட அறையின் சிறு துளை வழியே வந்த ஒளியைப் பார்த்துத்தான் அவர் தமது மாபெரும் நூலை எழுதினார் என்ற கதை இன்று பாடப்புத்தகங்கள் வரை பரவியிருக்கிறது. கேட்க அழகான கதை. ஆனால் அதற்கு உறுதியான ஆதாரம் எதுவும் இல்லை. அந்த நூலை ஆழமாக ஆராய்ந்தவரான அப்தல் ஹமீத் சாப்ரா, அது விடுதலைக்குப் பிந்திய ஆண்டுகளில் எழுதப்பட்டிருக்கவே வாய்ப்பு அதிகம் என்று கருதினார். அப்படியானால் 2015ஆம் ஆண்டில் கொண்டாடப்பட்ட ஆயிரமாவது ஆண்டு விழா கொஞ்சம் முன்கூட்டியே நடந்துவிட்டது.

கண்ணிலிருந்து கதிர் புறப்படுகிறதா?

ஏழு பகுதிகள் கொண்ட அந்த நூல் கிதாப் அல் மனாழிர், அதாவது காட்சிகளின் நூல். அது எழுதப்பட்ட காலத்தில் பார்வை பற்றி அறிஞர்களிடையே உடன்பாடு இருக்கவில்லை. யூக்ளிட், தாலமி வழிவந்த கணிதவியலாளர்கள், கண்ணிலிருந்து கதிர்கள் புறப்பட்டுச் சென்று பொருள்களைத் தொடுவதால் நாம் பார்க்கிறோம் என்றார்கள். பொருள்களிலிருந்து ஏதோ ஒன்று கண்ணுக்கு வந்து சேருகிறது என்பது அரிஸ்டாட்டில் வழிவந்தவர்களின் நிலைப்பாடு. ஆனால் ஒரு மலையின் உருவம் எப்படி இத்தனை சிறிய கண்மணிக்குள் நுழையும் என்ற கேள்விக்கு இரண்டாவது அணியினரிடம் தெளிவான பதில் இல்லை.

இப்னு அல் ஹைதம் அனுபவத்திலிருந்து தொடங்கினார். சூரியனை நேராகப் பார்த்தால் கண் நோகிறது. வெயிலில் ஒளிரும் அடர்ந்த பசுந்தோட்டத்தைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டு நிழலான இடத்திற்குப் பார்வையைத் திருப்பினால், அங்கும் பச்சை படிந்த ஒளி தெரிகிறது. அப்படியானால் கண்ணின்மீது செயல்படுவது வெளியிலிருந்து வரும் ஒளி. கண் அதனால் பாதிக்கப்படுகிறது. கண்ணிலிருந்து கதிர் புறப்படுகிறது என்ற கருத்து இங்கே தேவையற்றதாகிவிடுகிறது.

அடுத்ததாக, ஒளிபடும் பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் எல்லாத் திசைகளிலும் ஒளி நேர்கோட்டில் பரவுகிறது என்றார். இருண்ட அறைக்கு வெளியே, ஒரு துளைக்கு எதிரே பல விளக்குகளை வெவ்வேறு இடங்களில் வைத்துச் சோதித்தார். உள்ளே சுவரில் ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனியே ஓர் ஒளிப்பொட்டு தெரிந்தது. ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய பொட்டு மட்டுமே மறைந்தது. ஒரே துளையின் வழியே வந்தும் ஒளிகள் ஒன்றோடொன்று குழம்பவில்லை. சிறிய கண்மணிக்குள் மலை நுழைய வேண்டியதில்லை. மலையின் புள்ளிகளிலிருந்து வரும் ஒளி நுழைந்தால் போதும்.

கண்ணில் படும் ஒளி மட்டுமே பார்வை ஆகாது என்பதையும் அவர் உணர்ந்திருந்தார். ஒரு பொருளின் அளவை மனம் அதன் தூரத்தோடு சேர்த்தே மதிப்பிடுகிறது. பழகிய பொருளை முழுவதும் ஆராயாமல் சில அடையாளங்களைக் கொண்டே இனங்காண்கிறது. இவை அனைத்தும் நாம் அறியாத வேகத்தில் நடக்கின்றன. அடிவானத்தில் நிலா பெரிதாகத் தெரிவதற்கும் இந்த மதிப்பீடே காரணம் என்று விளக்கினார். ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19ஆம் நூற்றாண்டில் புலனுணர்வை நாம் அறியாமல் நிகழும் அனுமானம் என்று விவரித்தபோது, ஏறத்தாழ இதே இடத்திற்குத்தான் வந்து சேர்ந்தார்.

எது உணர்கிறது?

ஒளி, ஒலி, வெப்பம், அழுத்தம், மணம் போன்ற தூண்டல்களை நரம்பு மண்டலத்துக்குப் புரியும் மின் சமிக்ஞைகளாக மாற்றும் செல்களையே இன்று உணர்வேற்பிகள் என்கிறோம். கண்ணில் இந்த வேலையைச் செய்வது பின்சுவரில் மெல்லிய சவ்வாகப் படர்ந்திருக்கும் விழித்திரை. ஒரு கண்ணின் விழித்திரையில் மங்கலான ஒளிக்குரிய குச்சி செல்கள் 9 முதல் 12 கோடி வரையும், பகல் ஒளிக்கும் நிறத்துக்கும் உரிய கூம்பு செல்கள் 45 முதல் 60 லட்சம் வரையும் இருப்பதாகக் கணக்கிடப்பட்டுள்ளது.

இப்னு அல் ஹைதம் விழித்திரையைச் சுட்டவில்லை. கண்ணின் முன்பகுதியில் உள்ள வில்லையே, அதாவது இன்று லென்ஸ் என்று நாம் அழைக்கும் பளிங்கு போன்ற பகுதியே ஒளியை உணர்கிறது என்றார். இது அவரது சொந்தக் கருத்தல்ல. கிரேக்க மருத்துவர் கேலன் எட்டு நூற்றாண்டுகளுக்கு முன் சொன்னது. கண்ணின் அமைப்பைப் பொறுத்தவரை உடற்கூறு நூல்களில் உள்ளதை அவர் அப்படியே எடுத்துக்கொண்டார்.

இங்கேதான் சிக்கல் தொடங்கியது. ஒளிக்கதிர்கள் கண்ணுக்குள் குறுக்காகச் சந்தித்துப் பிரிந்தால், பிம்பம் தலைகீழாகிவிடும். கணிதம் அறிந்த அவருக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது. ஆனால் நாம் உலகைத் தலைகீழாகப் பார்ப்பதில்லை. ஆகவே, வில்லையின் மேற்பரப்பில் செங்குத்தாக விழும் கதிர்கள் மட்டுமே முறையாக உணரப்படுகின்றன என்றும், அவை சந்தித்துக்கொள்வதற்கு முன்பே வில்லையின் பின்புறத்தில் விலகி, நிமிர்ந்த பிம்பமாகவே பார்வை நரம்பைச் சென்றடைகின்றன என்றும் ஒரு விளக்கத்தை அமைத்தார். நேர்த்தியான விளக்கம்தான். ஆனால் சோதனையிலிருந்து பிறந்ததல்ல, தேவையிலிருந்து பிறந்தது.

தாலமி மீதான ஐயங்கள் என்ற மற்றொரு நூலில், உண்மையைத் தேடுபவர் முன்னோர் எழுதியதையெல்லாம் நம்பிவிடாமல் சந்தேகிக்க வேண்டும், தம்மையும் சேர்த்தே சந்தேகிக்க வேண்டும் என்ற பொருள்பட எழுதியவர் இவர். தாலமியைச் சந்தேகித்தார்; யூக்ளிடைச் சந்தேகித்தார். கேலனின் உடற்கூறியலை மட்டும் விட்டுவிட்டார்.

அதைச் சந்தேகிப்பதற்கான சான்று தொலைவில் இருக்கவில்லை என்பதுதான் இதில் வியப்பானது. அதே அல் ஹாக்கிமின் ஆட்சியில், அதே கெய்ரோவில், மோசுலைச் சேர்ந்த அம்மார் இப்னு அலி என்ற கண் மருத்துவர் புகழ்பெற்று விளங்கினார். கண்புரையை உட்குழிவான ஊசியால் உறிஞ்சி எடுக்கும் முறையை விவரித்து, கலீபாவுக்காக நூல் எழுதியவர் அவர். ஊசியால் கண்புரையைக் கீழே தள்ளிவிடும் பழைய முறை அரபு நாடுகளிலும் இந்தியாவிலும் வழக்கத்தில் இருந்தது. சுஸ்ருதரின் மருத்துவ நூலிலும் அது உண்டு. கண்புரை என்பது வேறொன்றுமில்லை, வெளுத்துப்போன வில்லைதான். மருத்துவர் ஊசியால் தள்ளியது வில்லையை; அதன் பிறகும் நோயாளிக்கு, மங்கலாகவேனும், பார்வை திரும்பியது. உணர்வது வில்லைதான் என்றால் இது நடந்திருக்க முடியாது.

ஆனால் மருத்துவர்களோ, வில்லைக்கு முன்னால் இறங்கி உறைந்த நீரைத்தான் தள்ளுவதாக நம்பினார்கள். வில்லையே பார்வையின் இருப்பிடம் என்று நூல்கள் சொன்னதால், பார்வை திரும்பிய கண்ணில் தள்ளப்பட்டது வில்லையாக இருக்க முடியாது என்று முடிவு கட்டிவிட்டார்கள். கண்புரை என்பது வெளுத்த வில்லையே என்பதை பிரெஞ்சு மருத்துவர் பியேர் பிரிஸ்ஸோ இறந்தவர் ஒருவரின் கண்ணை அறுத்துக் காட்டியது 1705ஆம் ஆண்டில். இன்று மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை போன்ற இடங்களில் வில்லையை நீக்கிவிட்டு, செயற்கை வில்லை பொருத்தப்பட்டு, மறுநாளே நாளிதழ் படிக்கும் ஒவ்வொரு முதியவரும் கேலனுக்கு எதிரான சாட்சி.

இருளில் ஓடும் மின்னோட்டம்

விழித்திரைதான் பிம்பம் விழும் திரை என்பதைக் கணித அடிப்படையில் நிறுவியவர் ஜோகன்னஸ் கெப்ளர். ஆண்டு 1604. கிதாப் அல் மனாழிர் லத்தீனில் மொழிபெயர்க்கப்பட்டு, ரோஜர் பேக்கன், விட்டெலோ போன்றோர் வழியாக ஐரோப்பாவில் பரவி, 1572ஆம் ஆண்டில் பாசெல் நகரில் அச்சாகியிருந்தது. கெப்ளரின் நூலே விட்டெலோவுக்கான துணைநூல் என்ற தலைப்பில்தான் வந்தது. புள்ளிக்குப் புள்ளி ஒளி பரவுகிறது என்ற இப்னு அல் ஹைதமின் கொள்கையைக் கெப்ளர் அப்படியே எடுத்துக்கொண்டார். செங்குத்துக் கதிர் என்ற கட்டுப்பாட்டைக் கைவிட்டார். பிம்பம் தலைகீழாக விழுகிறது என்பதை ஏற்றார். அதை நிமிர்த்திப் புரிந்துகொள்வது ஒளியியலின் வேலை அல்ல என்று ஒதுக்கிவைத்தார். அந்தத் துணிவுதான் இருவருக்கும் இடையிலான வேறுபாடு.

விழித்திரையின் செல்கள் எப்படி வேலை செய்கின்றன என்பது அதற்கும் வெகுகாலம் பின்னரே தெரியவந்தது. குச்சி செல்லில் ரோடாப்சின் என்ற நிறமி இருக்கிறது. இதை 1876ஆம் ஆண்டில் தவளையின் கண்ணில் கவனித்தவர் பிரான்ஸ் போல் என்ற ஜெர்மானியர். இந்த நிறமியின் ஒரு பகுதி வைட்டமின் ஏ-யிலிருந்து உருவாவது. அந்த வைட்டமின் போதாத குழந்தைகளுக்கு மாலைக்கண் நோய் வருவது இதனால்தான். இருளில் அந்த மூலக்கூறு வளைந்த நிலையில் இருக்கிறது. ஒளியின் ஒரே ஒரு துகள் பட்டாலும் அது நிமிர்ந்துகொள்கிறது. அந்தச் சிறு அசைவு செல்லுக்குள் வேதிவினைகளின் தொடரைத் தூண்டி, செல்சவ்வில் உள்ள வாயில்களை மூடுகிறது.

இதில் எதிர்பாராத செய்தி ஒன்று உண்டு. இந்தச் செல்களில் மின்னோட்டம் ஓடிக்கொண்டிருப்பது இருளில்தான். ஒளி பட்டதும் அது குறைகிறது. அதாவது ஒளி அங்கே சுவிட்சைப் போடுவதில்லை, அணைக்கிறது. அந்த மாற்றத்தை அடுத்தடுத்த செல்கள் படித்து, சுருக்கி, ஏறத்தாழ 10 லட்சம் இழைகள் கொண்ட பார்வை நரம்பின் வழியே மூளைக்கு அனுப்புகின்றன.

ஜூலை மாத நண்பகலில் ஷார்ஜாவின் தெருவிலிருந்து மங்கலான ஒரு கட்டடத்துக்குள் நுழைபவருக்கு முதலில் ஒன்றும் புலப்படாதிருப்பதற்கும் இந்த நிறமியே காரணம். கடும் வெயிலில் அது வெளிறிப்போகிறது. கூம்பு செல்கள் பத்து நிமிடத்துக்குள் தேறிவிடும். குச்சி செல்கள் முழுமையாகத் தேற அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். பசுந்தோட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது இப்னு அல் ஹைதம் கண்ட பச்சை ஒளியும் இதே கூட்டத்தைச் சேர்ந்தது. அவர் பயன்படுத்திய சான்று சரியானது. அது வில்லையில் அல்ல, விழித்திரையின் கூம்பு செல்களில் நிகழ்ந்தது.

அவரது மற்றொரு சான்றின் கதை இன்னும் சுவையானது. ஒளி கண்ணில் ஏற்படுத்தும் விளைவு வலியின் இனத்தைச் சேர்ந்தது என்றும், மிதமான ஒளியில் அது நமக்குத் தெரிவதில்லை, கடும் ஒளியில் தெரிகிறது என்றும் அவர் கருதினார். ஆனால் விழித்திரையில் வலியை உணரும் ஏற்பிகள் இல்லை. அதனால்தான் கிரகணத்தின்போது சூரியனை வெறும் கண்ணால் பார்ப்பவரின் விழித்திரை வலியின்றியே கருகிப்போகிறது. கூசும் ஒளியில் நாம் உணரும் வலி வேறு நரம்பின் வழியே வருகிறது. கண்ணின் முன்பகுதிக்கும் முகத்துக்கும் உணர்ச்சி தரும் முப்பெரு நரம்பு அது. பார்ப்பதற்கு ஓர் ஏற்பி, நோவதற்கு வேறோர் ஏற்பி என்ற பிரிவினை அவருக்குத் தெரிய வழியில்லை. வெப்பத்தையும் மிளகாயின் காரத்தையும் ஒருசேர உணரும் ஏற்பி கண்டறியப்பட்டதே 1997ஆம் ஆண்டில்தான். அந்த ஆய்வுக்காக டேவிட் ஜூலியஸும், தொடுவுணர்வின் ஏற்பிகளுக்காக பெய்ரூட்டில் பிறந்த அர்டெம் படபூட்டியனும் 2021ஆம் ஆண்டில் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

பெயரும் நூலும்

கலீபாவின் மறைவுக்குப் பின் இப்னு அல் ஹைதம் எந்த ஆட்சியாளரிடமும் பதவி ஏற்றதாகத் தெரியவில்லை. ஆண்டுதோறும் யூக்ளிடின் மூலங்கள், தாலமியின் அல்மஜெஸ்ட், இரண்டுக்கும் இடைப்பட்ட கணித நூல்கள் ஆகியவற்றைத் தம் கையாலேயே படியெடுத்து, 150 எகிப்திய தினாருக்கு விற்று, அதைக் கொண்டே அந்த ஆண்டைக் கழித்தார். எஞ்சிய நேரத்தில் எழுதினார். பழைய பட்டியல்களில் 90க்கும் மேற்பட்ட நூல்கள் அவர் பெயரில் உள்ளன; அவற்றில் பாதிக்கும் மேல் இன்றும் கிடைக்கின்றன. அவரது கையெழுத்தில், 1040ஆம் ஆண்டை ஒட்டிய தேதியிட்ட வடிவக் கணித நூலொன்று தம்மிடம் இருந்ததாக இப்னு அல் கிஃப்தி குறிப்பிடுகிறார். அதற்குச் சற்றுப் பின்னர் அவர் கெய்ரோவில் காலமானதாகக் கருதப்படுகிறது.

எண்ணெய்க்குப் பிந்திய எதிர்காலத்தை நோக்கும் வளைகுடா அரசுகள், பல்கலைக்கழகங்களையும் அருங்காட்சியகங்களையும் எழுப்பும்போது இப்னு அல் ஹைதம் போன்றோரின் பெயர்களை விரும்பி எடுத்துக்கொள்கின்றன. இந்தப் பகுதியின் அறிவியல் இறக்குமதிச் சரக்கு அல்ல என்று சொல்ல இதைவிட நல்ல பெயர் கிடைப்பது கடினம். உலகின் முதல் விஞ்ஞானி என்ற பட்டமும் இத்தகைய தருணங்களில் அவருக்கு வழங்கப்படுகிறது. அது மிகை. அவருக்கு முன்பும் சோதனை செய்தவர்கள் இருந்தார்கள். ஒளிவிலகலைப் பற்றிக் கணித முறையில் ஆராய்ந்த இப்னு ஸஹ்ல் அவருக்கு ஒரு தலைமுறை மூத்தவர். பட்டத்தைவிடக் கவனத்துக்குரியது வேறொன்று. ஆதரித்தவரே அச்சுறுத்தலாகவும் இருந்த ஓர் அரசவையில் ஆய்வாளர் ஒருவர் தமது புத்தியைக் காத்துக்கொள்ள அதை மறைக்க வேண்டியிருந்தது. அவர் பெயரால் அமையும் கூடங்களில் இந்தப் பகுதி பெரிதாக எழுதப்படுவதில்லை.

அவரது நூலின் பயணமும் விந்தையானது. கிடைத்துள்ள பழைய பிரதிகளில் ஒன்று இஸ்தான்புல்லில் பாதுகாக்கப்படுகிறது. இரு கண்களையும் அவற்றிலிருந்து புறப்பட்டுச் சந்திக்கும் நரம்புகளையும் காட்டும் வரைபடம் அதில் உள்ளது. அதை 1083ஆம் ஆண்டில் படியெடுத்தவர் அவரது மருமகன். மாமனார் பிழைப்புக்காகச் செய்த அதே வேலை. லத்தீன் வாசகர்களுக்கு 1572ஆம் ஆண்டிலேயே அச்சில் கிடைத்துவிட்ட இந்த நூலின் மூல அரபு வடிவம், முதல் மூன்று பகுதிகளாக, 1983ஆம் ஆண்டில்தான் அச்சேறியது. எகிப்தில் பிறந்து ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சாப்ரா அதைப் பதிப்பித்தார். வெளியிட்டது, பஸ்ராவுக்குத் தெற்கே சில மணி நேரப் பயணத்தில் உள்ள குவைத்தின் தேசியப் பண்பாட்டு மன்றம். பின்னர் 1990ஆம் ஆண்டில் இராக்கியப் படைகள் குவைத்துக்குள் நுழைந்தன. போர் வந்தது, ஓய்ந்தது. நான்காம், ஐந்தாம் பகுதிகள் 2002ஆம் ஆண்டில் அதே குவைத்திலிருந்து வெளிவந்தன.